ஒன்பதாவது சைகை

மேலக்கா எதையும் ஒரே தொடுதலில் முடிக்க மாட்டாள். விளக்கு சுவிட்சைக் கட்டைவிரலால் முதலில் லேசாகத் தொடுவாள். எடுத்துவிட்டு இன்னொரு முறை தொடுவாள். மூன்றாவது தடவைதான் அழுத்துவாள். கதவுத் தாழ்ப்பாளும் அப்படித்தான்: தட், தட், பிறகு ஒரு தள்ளு. அடுப்புக் குமிழ், தண்ணீர்க் குழாய், செல்போன் திரை, காலையில் எழுப்ப வேண்டிய மகளின் தோள் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டு முன்பணம் கொடுத்தாக வேண்டும். விரல் நுனி பட்டதும் படாததுமாக இருக்கும். பொருளிடம் அனுமதி கேட்பது போல.

"என்னையும் அப்படித்தான் கட்டிக்கிட்டா," என்பார் அவள் கணவர். "ரெண்டு தடவை வேணாம்னா. மூணாவது தடவைதான் சரின்னா."

"ரெண்டோட நிறுத்தியிருக்கணும்," என்பாள் மேலக்கா.

அந்தத் தட்டு அவளுடைய தொழிலில் இருந்து வந்தது. அவள் காகித ஆலையில் கிரேன் ஓட்டுபவள். கூடத்தின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன் அது. அதன் ஓரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கும் கண்ணாடி அறைதான் அவள் இருப்பிடம். தரையிலிருந்து நாற்பத்திரண்டு படி. பதினேழு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் மேலக்கா. அவளைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற வேலைக்குத்தான் வந்தாள். இருந்த ஆபரேட்டருக்குக் கைப்பிடி பிடித்துக்கொண்டே தூங்கும் பழக்கம். அவர் தூங்கத் தூங்க இவள் துடைக்கத் துடைக்க, எந்தக் கைப்பிடிக்கு எது அசைகிறது என்பது கண்ணுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனபோது, கொக்கியில் ஒரு காகிதச் சுருள் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள். மேலக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுருளை இறக்கிவைத்தாள். அவ்வளவுதான், மறுபடி துணியைக் கையில் எடுக்கவில்லை.

பெரிய பாரத்தைக் கடைசி ஒரு சாண் தூரம் இறக்குவதில்தான் ஆபரேட்டரின் கைவரிசை இருக்கிறது. அந்தக் கூடத்தில் எல்லோரும் தட்டித் தட்டித்தான் இறக்குவார்கள். கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் பிரேக் விட்டு, பாரம் இரண்டு விரல் இறங்கி, பிரேக் மறுபடி கவ்வும். இன்னொரு தட்டு, இன்னும் இரண்டு விரல். மேலக்கா தட்டினால் ஒரு விரல்தான் இறங்கும். அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஆலை முழுக்கத் தெரிந்த சேதி.

அப்படி இருந்த இடத்தில்தான் அந்தத் திங்கட்கிழமை இன்ஜினியரம்மா வந்து இறங்கினார்.

புதிய காகித இயந்திரத்தின் உருளைகள் கப்பலில் வந்திருந்தன. சிறியவை ஐந்து. பெரியது ஒன்று, இருபத்தாறு டன். ஈரக் காகிதத்தைச் சூட்டில் உலர்த்துகிற உருளை அது, முகம் பார்க்கலாம் போல இழைத்திருந்தார்கள். அவற்றைப் பொருத்த உருளைக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் இன்ஜினியரம்மா. ஐம்பது வயது இருக்கும். குட்டையான முடி, ஆண்களுடையதைப் போன்ற பெரிய பூட்ஸ், காலில் சக்கரம் கட்டிய நடை. ஸ்பானிய மொழி தவிர வேறு பேச்சில்லை. நம் பேச்சில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: 'நன்றி', 'கழிப்பறை'. மேனேஜரோடு செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு, அது மொழிபெயர்க்கிறதை நம்பிப் பேசிக்கொள்வார். கிரேன் வேலைக்கு அது எப்படிச் சரிப்படும்? பாரம் தொங்கும்போது செல்போன் 'சற்றுப் பொறுங்கள்' என்று சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

ஆனால் கிரேனுக்குப் பேச்சே வேண்டாம் என்பார் விசில் அண்ணன். கீழே நின்று சைகை காட்டுகிறவர் அவர். முப்பது வருட சர்வீஸ். கழுத்தில் விசில், கையில் எட்டு சைகை. ஏற்று, இறக்கு, முன்னே, பின்னே, இடம், வலம், மெதுவா, நில். "இந்த எட்டுல உலகத்தையே தூக்கி வெச்சிடலாம்," என்பது அவர் கட்சி.

செவ்வாய்க்கிழமை முதல் சிறிய உருளையைத் தூக்கினார்கள். இன்ஜினியரம்மா தலையில் ஹெட்செட் மாட்டியிருந்தார். அவர் வாய் திறந்தால் தானாகவே மேலே கிரேன் அறையின் ஒலிபெருக்கியில் கேட்கும். இயந்திரத்தில் உருளை உட்கார வேண்டிய இருக்கைக்கு மேலே வந்து நின்றதும் மேலக்காவின் காதில் அந்தச் சொல் முதன்முதலாக விழுந்தது.

"சுவாவே. சுவாவே."

கீழே விசில் அண்ணனுக்கும் கேட்டது. உள்ளங்கையைத் தரைக்கு நேராக வைத்து அசைக்கும் சைகையைக் காட்டினார்: மெதுவா. மேலக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கிரேன்காரர்களிடம் எந்த மொழியில் எதைச் சொன்னாலும் அதை எட்டில் ஒன்றாக மாற்றித்தான் கேட்பார்கள். தட்டினாள். ஒரு விரல். தட்டினாள். அரை விரல். உருளை உட்கார நாற்பது தட்டு ஆயிற்று. அவள் வாழ்நாளிலேயே அவ்வளவு மெதுவாக எதையும் இறக்கியதில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்ஜினியரம்மா ஏணியில் ஏறி உருளையின் தோள்பட்டையில் டார்ச் அடித்தார். அங்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் ஒட்டியிருக்கும். வெள்ளையாக வரும். உருளை ஓர் அளவுக்கு மேல் அதிர்ந்தால் சிவந்துவிடும். சிவந்தால் சிவந்ததுதான், திரும்ப வெளுக்காது.

குழாய் சிவந்திருந்தது.

"லெந்தோ, நோ," என்றது ஒலிபெருக்கி. "சுவாவே."

அரை மணி நேரத்தில் மேனேஜர் நாற்பத்திரண்டு படியும் ஏறி மேலே வந்துவிட்டார். அவர் ஏறி வந்தாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம். நல்ல சேதியாக இருந்தால் கீழே இருந்தபடியே கை ஆட்டியிருப்பார்.

"சின்ன உருளைக்கு ஒண்ணும் ஆகலையாம். தப்பிச்சோம்," என்றார் மூச்சு வாங்க. "ஆனா பெரிசு இப்படிச் சிவந்துச்சுன்னா உத்தரவாதம் போச்சு. அவங்க கம்பெனியிலயே ஆபரேட்டர் இருக்காராம். வர்ற ஞாயிற்றுக்கிழமை வந்துடுவார்."

"வரட்டும் சார். வந்து பெரிசை வெச்சுட்டுப் போகட்டும்."

மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "போக மாட்டார் மேலக்கா. ஒரு வருஷ ஒப்பந்தம். கையில பிடிச்சுக் கீழருந்தே ஓட்டற ரிமோட் பெட்டி கொண்டுவரார். இந்த ரூமைக் கழட்டிடச் சொல்றாங்க. உங்களுக்கு வேலைக்குக் குறையில்ல, பாக்கிங்ல போடறேன்."

பாக்கிங். அங்கே சூப்பர்வைசர் யார்? அவள் கணவர்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவர் குஷியாக இருப்பது போல நடித்தார். "பதினேழு வருஷம் என் தலைக்கு மேல உக்காந்தே. இனிமே நான் 'அம்மா, அந்த லேபிளை நேரா ஒட்டு'ன்னா நீ ஒட்டணும். கடவுள் இருக்கார்."

வாயடி அடிக்கும் மேலக்கா சும்மா இருந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னமோ வார்த்தை சொன்னாங்களாமே, என்ன அது?" என்றார்.

"சுவாவே."

மகள் உடனே செல்போனை எடுத்தாள். "மென்மையான. இதமான. மிருதுவான. லேசான. சாந்தமான. வழவழப்பான."

"இதுல எதுடி?"

"எல்லாம்தான்மா. ஒரே சொல்லுக்கு."

"இருபத்தாறு டன்னு. தலையணையா அது, மென்மையா வைக்க?"

"தலையணையே மேல்," என்றார் கணவர். "நீ தட்டற தட்டுல பஞ்சு எப்பவோ வெளிய வந்திருக்கும்."

மகள் சிரித்துவிட்டாள். மேலக்காவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் ஒன்று உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது: அந்த அம்மா 'லெந்தோ, நோ' என்றார்களே. லெந்தோ என்றால் மெதுவாம், மகளின் போன் சொன்னது. மெதுவா வேண்டாம் என்றால் வேகமாகவா? இருபத்தாறு டன்னையா?

புதன்கிழமை அவளுக்குப் பாரம் தூக்கும் வேலை ஒன்றும் தரவில்லை. அவள் மேலே போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒலிபெருக்கிக்குச் சத்தத்தைக் கூட்டும் குமிழ் உண்டு, அணைக்கும் குமிழ் இல்லை. இன்ஜினியரம்மா ஹெட்செட்டைக் கழற்றுவதும் இல்லை. ஆகவே அவர் நாள் முழுக்க எதைப் பேசினாலும் மேலே கேட்டது. பேசும்போது என்ன செய்கிறார் என்பதும் கண்ணாடித் தரை வழியாகத் தெரிந்தது. கூடத்தில் வேறு யாருக்கும் இந்த வசதி கிடையாது: காதில் சொல், கண்ணில் பொருள்.

முதலில் காபி. மிஷின் காபியை இன்ஜினியரம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். பாலை ஊற்றினார், இன்னும் ஊற்றினார். குடித்துவிட்டு, "ஆ. சுவாவே." மேலக்கா கிரேன் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: காபி, கசப்பு போனது.

பத்தரை மணிக்கு ஒரு பேரிங்கை விரலால் சுழற்றினார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "முய் சுவாவே." எழுதினாள்: பேரிங், எங்கும் பிடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு விசில் அண்ணன் யாரோ லாரி டிரைவரைக் கன்னாபின்னா என்று திட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினியரம்மா அவர் தோளில் கை வைத்தார். "சுவாவே, சுவாவே." திட்டுவது நின்றது. எழுதினாள்: கோபம் தணிய.

மதியம் வெளியே தூறல். சரக்கு வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டி அதே சொல். பின்னால் இருந்த சாய்தளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்து அதே சொல். ஏறுவதே தெரியாத ஏற்றம் அது.

மேலக்காவுக்குப் பரபரப்புத் தொற்றிக்கொண்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்தாள். காபியையும் மழையையும் விசில் அண்ணனின் கோபத்தையும் ஒரே கயிற்றில் கட்டுகிற சொல் என்ன சொல்? நமக்கு இதற்கெல்லாம் தனித்தனியாக ஆறேழு வார்த்தை வேண்டும். அவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்துகிறார்களே! அடுத்து எங்கே சொல்லப்போகிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சிலசமயம் முந்திக்கொண்டு தானே சொன்னாள். இன்ஜினியரம்மா துணி மூட்டையைத் தொடும்போது 'சுவாவே' என்று மேலே இவள் முணுமுணுக்க, அடுத்த நொடி ஒலிபெருக்கியும் அதையே சொன்னபோது கண்ணாடி அறைக்குள் எழுந்து ஒரு குதி குதித்தாள். கிரேனே லேசாக ஆடியது.

தவறாகவும் போயிற்று. பழைய மரப்பெட்டியின் பலகையை இன்ஜினியரம்மா தடவியபோது இவள் 'சுவாவே' என்றாள். அவர் கையை உதறிக்கொண்டு வேறு என்னவோ சொன்னார். விரலில் சிராய் ஏறியிருந்தது. எழுதினாள்: சிராய் இருந்தால் கிடையாது.

வியாழக்கிழமைதான் ஆளைத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்தின் மறுபக்கம் பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காகிதம் வெளுத்த ஆறு மாதிரி பாய்கிறது. பக்கத்தில் ஒரு பேருந்தை ஓட்டினால் இரண்டும் சமமாகப் போகும், அவ்வளவு வேகம். இன்ஜினியரம்மா அதன் அருகே வந்து நின்றார். காகிதத்துக்கு மேலே உள்ளங்கையைத் தொடாமல் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கே சுவாவே," என்றது ஒலிபெருக்கி, பெருமூச்சோடு.

மேலக்காவின் பேனா நின்றுவிட்டது. கூடத்திலேயே அதிவேகமாக ஓடுவது எதுவோ அதைப் பார்த்து அந்தச் சொல்! அப்படியானால் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காகிதம் மின்னலாகப் போகிறது, ஆனால் எங்கேயும் வெட்டி இழுக்கவில்லை. வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். கசப்பு போனது. எங்கும் பிடிக்கவில்லை. சிராய் இருந்தால் கிடையாது. தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நாற்பது தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் பிரேக் ஒரு முறை கவ்வி, உருளை ஒரு முறை உதறி, ஒரு முறை துள்ளி... நாற்பது சிராய்!

"அடிப்பாவி," என்றாள் தன்னையே.

படிகளில் அவள் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, தீப்பிடித்துவிட்டதோ என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

பாக்கிங்கில் போய்க் கணவரைப் பிடித்தாள். "உங்ககிட்ட நீல டிரம் ஒண்ணு இருக்கில்ல? அதைக் கழுவி, கழுத்துவரைக்கும் தண்ணி ஊத்திக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு நீங்க எனக்கு உத்தரவு போட்டுக்கலாம்."

மதிய இடைவேளையில் டிரம்மைக் கொக்கியில் மாட்டினார்கள். தூக்கினாள். கூடத்தைச் சுற்றி ஓட்டுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாரம் ஆடினால் ஆட்டத்தின் பின்னாலேயே கிரேனை ஓட்டி அதை அடக்கும் வித்தை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இறக்கும் இடத்தில்தான் கை பழைய குணத்தைக் காட்டியது. கடைசி ஒரு சாணில் கட்டைவிரல் தானாகத் தட்டியது. தட். டிரம்மிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எழும்பி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவரின் தலையில் விழுந்தது.

"குளிச்சாச்சு!" என்று கத்தினார் அவர். "சோப்பு மட்டும்தான் பாக்கி!"

அன்று ஏழு முறை நனைந்தார். எட்டாவது முறை கட்டைவிரலைக் கைப்பிடியின் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் மட்டும் கைப்பிடியை அதன் மிக மெதுவான முதல் கட்டத்தில் பிடித்து, பிடித்தது பிடித்தபடியே நின்றாள். டிரம் நிற்காமல் இறங்கியது. நிறுத்து, நிறுத்து என்று உடம்பு முழுக்கக் கத்தியது. நிறுத்தவில்லை. டிரம் தரையைத் தொட்டது. தண்ணீர் விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்து, உள்ளேயே போய்விட்டது.

கணவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். டிரம்மில் இன்னும் இரண்டு குவளை ஊற்றி, இப்போது செய் என்பது போலக் கையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியரம்மா காபிக் கோப்பையோடு வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். கூரையிலிருந்து ஒரு நீல டிரம் ஜம்மென்று அவரை நோக்கி வந்தது. விளிம்புவரை தண்ணீர், மேலே தளும்பாத கண்ணாடி மாதிரி. வந்து அவர் பூட்ஸ் முனைக்கு ஒரு முழம் முன்னால், எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியாமல் தொட்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

இன்ஜினியரம்மா டிரம்மைப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு தன் காபிக் கோப்பையை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்து, ஒரு மரத்தட்டில் வைத்து, அந்தத் தட்டைக் கொக்கியில் மாட்டி, 'ம், போ' என்று கையசைத்தார்.

கோப்பை கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியது. அவர் எடுத்துக் குடித்தார். மேலே பார்த்தார். ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. 'இதுதானா சுவாவே?' என்ற கேள்வி அவருடையதா இவளுடையதா என்று தெரியவில்லை. பதில் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மேனேஜர்தான் கையைப் பிசைந்தார். "நாளன்னிக்கு ஆள் வந்துடுவார். அதுக்குள்ள எதுக்கு வம்பு? சிவந்துச்சுன்னா யார் பொறுப்பு?" என்று செல்போனிடம் சொன்னார். இன்ஜினியரம்மா செல்போன் பேசி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒரு காகிதத்தை இழுத்து நாலு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு அவர் சட்டைப் பையில் செருகினார். பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் விசில் அண்ணன் முறுக்கிக்கொண்டார்.

"இருபத்தாறு டன்னு. நான் 'மெதுவா' காட்டினா நீ தட்டித்தான் இறக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"அண்ணே, அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க அந்தக் கையைக் காட்டினாலே என் விரல் தட்ட ஆரம்பிச்சிடும். அதைக் காட்டாதீங்க."

"வேற எதைக் காட்டறது? டாட்டாவா?"

"புதுசா ஒண்ணு."

"முப்பது வருஷமா எட்டுதான்மா."

"ஒன்பது ஆக்குங்க. உங்களைத் தவிர யாரு ஆக்க முடியும்?"

அது வேலை செய்தது. விசில் அண்ணன் யோசிக்கத் தொடங்கினார். கையை அலை மாதிரி அசைத்தார். அது 'இடம், வலம்' மாதிரி இருந்தது. தன் வழுக்கைத் தலையை முன்னிருந்து பின்னாக ஒரு தடவு தடவினார்.

"இதுதான் அண்ணே! இதேதான்!"

"ஹெல்மெட்டைக் கழட்டினா ஃபைன் போடுவாங்க," என்றார் அவர். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் இடது புறங்கையை வலது உள்ளங்கையால், மடியில் படுத்த பூனையைத் தடவுவது போல, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நிற்காமல் தடவினார். இரண்டு பேரும் இன்ஜினியரம்மாவிடம் போய்க் காட்டினார்கள். அவர் ஒரு நொடி பார்த்தார்.

"சுவாவே!" என்றார், ஏதோ அவர் ஊர் ஆளைச் சந்தையில் பார்த்துவிட்டது போல.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கூடத்தில் இடமில்லை. பாக்கிங், கணக்கு, கேட் எல்லாம் வந்து சுவரோரம் நின்றன. கிரேன் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: யார் கையைத் தூக்கினாலும் அது 'நில்'தான், ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். விசில் அண்ணன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எல்லாரும் கையைப் பேன்ட் பையில போடுங்க. பை இல்லாதவங்க கட்டிக்குங்க. சார், நீங்களும்தான்."

மேனேஜர் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டார்.

உருளை எழுந்தது. இருபத்தாறு டன் தரையை விட்டுப் பிரிந்தபோது கூடம் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. கூரை விளக்குகள் எல்லாம் அதன் வயிற்றில் நீளமாக ஓடின. இருக்கைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். இரு பக்கமும் பேரிங் வாய் திறந்து காத்திருந்தது. இறக்கினாள். ஒரு முழம். ஒரு சாண்.

விசில் அண்ணன் புறங்கையைத் தடவத் தொடங்கினார்.

மேலக்கா கட்டைவிரலை மடக்கினாள். உள்ளங்கைக்குள் கைப்பிடி ஒரு சின்னப் பிராணியைப் போல நடுங்கியது. உருளை போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. பதினேழு வருடத்தில் எந்தப் பாரத்தையும் அவள் இப்படிப் போக விட்டதில்லை. நாலு விரல். மூன்று. அப்போதுதான் மேனேஜருக்குத் தாங்கவில்லை. ஆர்வத்தில் செல்போனோடு வலது கை பையிலிருந்து கிளம்பி இடுப்பைத் தாண்டியது, படம் எடுக்க. அது தோளுக்கு மேலே போயிருந்தால் உருளை நின்றிருக்கும், நின்றிருந்தால் குழாய் சிவந்திருக்கும். இன்ஜினியரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கையைப் பிடித்து அவர் பைக்குள்ளேயே திணித்து, தன் கையையும் அங்கேயே வைத்துக்கொண்டார். இரண்டு விரல். ஒன்று.

விசில் அண்ணன் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கே தெரியவில்லை. உருளையைத் தூக்கியிருந்த கம்பிக் கயிறு மெல்லத் தொய்ந்து ஒரு சிரிப்பு மாதிரி வளைந்தபோதுதான், உருளை உட்கார்ந்து நேரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

இன்ஜினியரம்மா ஏணியில் ஏறினார். டார்ச் அடித்தார். மேலே கண்ணாடித் தரையில் மேலக்கா முட்டி போட்டுக் குனிந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில், மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்தாள், மறுபடி மங்கியது.

"பிளாங்கோ!" என்று கத்தியது ஒலிபெருக்கி. அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது, வெள்ளை என்று மகளின் போன் பிறகுதான் சொன்னது. ஆனால் ஏணி உச்சியில் அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பாரம் இறங்கியாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். தூக்கினார்கள். பாக்கிங் தூக்கியது, கணக்கு தூக்கியது, கேட் தூக்கியது. மேனேஜர் தூக்கிய கையில் செல்போன் எதிர்ப்பக்கமாகப் பிடித்தபடி இருந்தது. அதில் பதிவானது முழுக்க அவர் மூக்கு. விசில் அண்ணன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்துபோய், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் இன்ஜினியரம்மா நீளமாக ஏதோ பேசினார். மேலக்காவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் மூன்று இடத்தில் வந்தது. மூன்றையும் எண்ணிக்கொண்டாள்.

மேலக்கா படியிறங்கி வந்தாள். கணவர் கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"உனக்கு பாக்கிங்ல நல்ல ஸ்டூலாப் பாத்து எடுத்து வெச்சிருந்தேன்," என்றார்.

"அதுல நீங்களே உக்காருங்க. ரொம்ப நேரமா நிக்கறீங்க."

மீதி நாலு சின்ன உருளைகளையும் திங்கட்கிழமை மதியத்துக்குள் வைத்துவிட்டாள். நாலும் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. ரிமோட் பெட்டியும் வரவில்லை. கண்ணாடி அறையைக் கழற்ற எழுதிவைத்திருந்த காகிதத்தை மேனேஜர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஜினியரம்மா இன்னும் இரண்டு வாரம் இருந்து நட்டுகளை இறுக்கினார், நம் பேச்சில் மூன்றாவதாக ஒரு சொல் கற்றுக்கொண்டார்: 'மேலக்கா'. பிறகு ஊருக்குப் போய்விட்டார்.

நாலு மாதம் கழித்து அதே கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வேறொரு ஆள் வந்தார். கேன்டீனில் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு விசில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்த ஆபரேட்டர் வேறு யாருமில்லை, இன்ஜினியரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவருக்கு அந்த ஒரு வருட ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். சனிக்கிழமை, ஏணியிலிருந்து இறங்கிய கையோடு, பெட்டி கட்டி முடித்திருந்த தம்பியைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொன்னதும் அதே அக்காதான்.